கறிவேப்பிலையில் ஒளிந்திருக்கும் டாக்டர் பெயர்! டெல்டாவுக்குப் படிக்க வருபவர்கள் யாரிடம் படிக்கிறார்கள்?

எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்ததும் ஒரு கொத்து உருவிப் போடுகிறோமே கறிவேப்பிலை, அதற்குத் தாவரவியலில் 'முர்ரயா கொயனிகி' என்று பெயர். அதில் இரண்டாவது சொல் ஒரு டாக்டரைக் குறிக்கிறது. யோஹான் கெர்ஹார்ட் கோனிக். பால்டிக் பகுதியில் பிறந்தவர். செடி கொடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸிடம் நேரடியாகப் பாடம் கேட்ட மாணவர். 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். அப்போது அது டேனிஷ்காரர்களின் ஊர். மிஷனுக்கு மருத்துவராக வந்தவர், நேரம் கிடைத்தபோதெல்லாம் செடிகளைத் தேடிச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1785-ல் இந்தியாவிலேயே இறந்தும் போனார். இப்போது சில தாவரவியலாளர்கள் முதல் சொல்லை மாற்றி 'பெர்கேரா கொயனிகி' என்கிறார்கள். ஆனாலும் கோனிக் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

சரி, அந்த மரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கொல்லைப்புறத்தில் வளர்த்து, எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தெரிந்து வைத்திருந்தவர்கள்? அவர்களில் யாரும் அந்தப் பெயரில் இல்லை.

உடல்நலம், இயற்கை, உள்ளூர்ப் பண்பாடு மூன்றையும் ஒரே பயணத்தில் படிக்க வைக்கும் வெளிநாட்டுக் குறுகிய காலப் படிப்புகளுக்கு இப்போது நல்ல கிராக்கி. அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்று படிக்கும் கல்லூரி மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கோடை விடுமுறையிலோ எட்டு வாரங்களுக்குள்ளோ முடியும் படிப்பைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வருகிறவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பி, புரியாத மொழி பேசும் ஊரில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் 20 வயதுப் பிள்ளைக்கு அதுவே பெரிய படிப்பு. ஆனால் வரவேற்கும் ஊருக்கு என்ன கிடைக்கிறது? காலையில் யோகா, மதியம் கோயில், மாலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு குரூப் போட்டோ என்று முடிந்துவிட்டால் அதன் பெயர் டூர். படிப்பு என்று சொல்லக் கூடாது.

இந்தக் கேள்விக்கு நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் மலையேற வேண்டும்.

ஒரே பெஞ்சில் இரண்டு பேர்

நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. 1993-ல் தொடங்கப்பட்டது. மலைத்தேன் எடுக்கும் பழங்குடி மக்களோடு வேலை செய்ய ஆரம்பித்து, பிறகு காட்டு உணவு, நீரூற்று, சதுப்புநிலம், மக்கள் நல்வாழ்வு என்று விரிந்த அமைப்பு. நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா ஊரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகமும் இந்த அமைப்பும் கைகோத்து 2015-ல் 'நீலகிரி கள கற்றல் மையம்' என்ற படிப்பைத் தொடங்கின. ஒரு செமஸ்டர், அதாவது 15 வாரங்கள். கார்னெல் மாணவர்களுக்கு இது டிகிரியில் சேரும் கிரெடிட்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? வகுப்பில் பாதிதான் கார்னெல் மாணவர்கள். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகப் பகுதியின் பழங்குடி இளைஞர்களும் மாணவர்களாகவே உட்காருகிறார்கள். வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், சமையல் உதவி என்ற பட்டியலில் அவர்கள் இல்லை. அதே பாடம், அதே வீட்டுப்பாடம், அதே ஆய்வு. முதலில் சில வாரங்கள் வகுப்பறை. எப்படிக் கேள்வி கேட்பது, எப்படிக் குறிப்பெடுப்பது, ஒருவரிடம் தகவல் வாங்கும்போது அவருடைய சம்மதத்தை எப்படிப் பெறுவது என்ற ஆய்வு முறைகளை அங்கே படிக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்கள் தமிழும் படிக்கிறார்கள். பிறகு கலந்து பிரிக்கப்பட்ட டீம்களாகக் கிராமங்களுக்குப் போகிறார்கள்.

எடுத்துக்கொள்ளும் தலைப்புகள் எல்லாம் வீட்டு வாசலில் இருப்பவை. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலோடு வேறு என்ன, எப்போது கொடுக்கிறார்கள்? காட்டிலிருந்து வந்த கீரையும் கிழங்கும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஏன் குறைகின்றன? சிறிய மலை ஊர்களின் கழிவுநீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? காட்டெருமை தெருவுக்குள் வந்தால் மக்கள் என்ன செய்கிறார்கள்?

இந்த ஏற்பாட்டின் அருமையைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கற்பனை போதும். ஒரு இருளர் பாட்டியிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று வெளிநாட்டுப் பெண் கேட்டால், விருந்தாளிக்குச் சொல்லும் பதில் கிடைக்கும். சோறு, சாம்பார், நன்றாகத்தான் சாப்பிட்டேன் என்று முடித்துவிடுவார். பக்கத்து ஊர்ப் பெண் கூட உட்கார்ந்திருந்தால், ரேஷன் அரிசி எத்தனை நாள் வந்தது, மீதி நாள் எப்படிப் போனது என்ற கதை வரும். அதே சமயம் உள்ளூர்ப் பெண்ணுக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாத ஒன்று, வெளியிலிருந்து வந்தவளுக்குத்தான் உறுத்தும். இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் ஆய்வு.

பெயர் தெரியாத வாத்தியார்கள்

மீண்டும் சமவெளிக்கு இறங்குவோம். கோத்தகிரியின் 'பாதிக்குப் பாதி' கணக்கோடு தஞ்சாவூர்ப் பக்கம் பார்த்தால் ஒன்று புரிகிறது. வெளிநாட்டிலிருந்து வந்து படிப்பது டெல்டாவுக்குப் புதிதே அல்ல. 300 ஆண்டுகளாக நடக்கிறது. வந்தவர்களின் பெயர்கள் பத்திரமாக இருக்கின்றன. சொல்லிக்கொடுத்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கு அச்சுக்கூடத்துக்காகவும் தமிழ் பைபிளுக்காகவும் நினைவுகூரப்படுகிறார். அவருடைய சகா கிரண்ட்லர் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1711-ல் தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு முழுக் கையெழுத்து நூலையே எழுதினார் அவர். 'மலபாரிகஸ் மெடிகஸ்' என்று பெயர். தமிழர்களை அப்போது ஐரோப்பியர்கள் 'மலபார்க்காரர்கள்' என்றுதான் அழைத்தார்கள். நம் வைத்தியர்கள் நோய்களை எப்படி வகைப்படுத்துகிறார்கள், என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்பதை ஐரோப்பாவுக்குச் சொன்ன ஆரம்பகால நூல்களில் ஒன்று. ஓலையைப் பிரித்துப் பொருள் சொன்னவர் இல்லாமல் இப்படி ஒரு நூல் எழுத முடியாது. அந்த வைத்தியருக்கு அட்டையில் இடமில்லை.

அடுத்து இருவரும் சேர்ந்து தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, வந்த பதில் கடிதங்களை மொழிபெயர்த்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய நூறு கடிதங்கள். சாமி, சடங்கு, கல்யாணம், மருத்துவம் என்று எல்லாம் அதில் உண்டு. இவற்றில் பலவற்றை எழுதியவர் அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளராக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 'இருக்கலாம்' என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அச்சான புத்தகத்தில் எழுதியவர் பெயர் இருந்திருந்தால் இந்த ஊகத்துக்கே வேலையில்லை.

இன்ஜினீயரிங்கிலும் இதே கதை. 1830-களில் காவிரி, கொள்ளிடத்தில் வேலை செய்த ஆர்தர் காட்டன், ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையிலிருந்துதான் கற்றதாக வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். முக்கொம்பு மேலணையும் பிறகு கோதாவரி அணையும் கட்டி, ஆந்திராவில் சிலை வைத்துக் கும்பிடும் அளவுக்குப் புகழ் பெற்றார். மணலில் கல்லை இறக்கியவர்களில் கரிகாலன் பெயர் மட்டும் நமக்குத் தெரியும்.

தஞ்சையில் ஒரே ஒருவர் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். 1798 முதல் 1832 வரை மன்னராக இருந்த இரண்டாம் சரபோஜி. ஐரோப்பியப் பாதிரியாரிடம் படித்தவர். வெளிநாட்டுப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தவர். ஆனால் அதோடு நிற்காமல் தன்வந்திரி மகாலை நடத்தி, சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் உட்கார வைத்தார். பயன்பட்ட மருந்துமுறைகள் தமிழில் தொகுக்கப்பட்டு, 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற பெயரில் கிடைக்கின்றன. கண் நோயாளிகளின் விவரம், கொடுத்த சிகிச்சை, கண்ணின் வண்ணப்படம் எல்லாம் சேர்ந்த மருத்துவக் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலத்தில் இது சாதாரணமாகத் தெரியலாம். 200 ஆண்டுகளுக்கு முன் நோயாளியின் கண்ணைப் பார்த்து ஓவியர் வரைந்து ஃபைல் போட்டிருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

டெல்டாவில் ஒரு செமஸ்டர் என்றால்...

கோத்தகிரி மாதிரி ஒரு வகுப்பு இங்கே வந்தால் என்ன படிக்கலாம் என்று யோசித்தால், சிலபஸ் தானாக வந்து விழுகிறது. பிரச்னை, எதை விடுவது என்பதுதான்.

அரிசியில் தொடங்கலாம். மாப்பிள்ளைச் சம்பா உடலுக்கு உரம், பூங்கார் கர்ப்பிணிகளுக்கு நல்லது, காட்டுயானம் சர்க்கரைக்கு நல்லது என்று ஆர்கானிக் கடை அட்டைகளில் எல்லாம் எழுதியிருக்கிறது. இவற்றில் எது பாட்டி சொன்னது, எது ஆய்வகம் சொன்னது, எது கடைக்காரர் சேர்த்தது? ஒரு அமெரிக்க ஊட்டச்சத்து மாணவியும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நர்சிங் மாணவியும் சேர்ந்து, பிள்ளை பெற்ற பெண்களுக்கு வீட்டில் உண்மையில் என்ன பத்தியச் சாப்பாடு போடுகிறார்கள் என்று 50 வீட்டில் கேட்டு எழுதினாலே, அது அந்த ஊர் கிராம சுகாதார செவிலியருக்குப் பயன்படும் தாள். அட்டையில் இருப்பது போல நான் ஆச்சரியக்குறி போட மாட்டேன். கேட்டுப் பார்த்த பிறகுதான் தெரியும்.

இதே மண்ணில் நேரெதிரான பாடமும் இருக்கிறது. 1960-ல் ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியோடு இந்தியாவில் தீவிர வேளாண்மைத் திட்டம் முதலில் வந்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 ரகத்தை வானொலியில் கேட்டுக் கேட்டே விவசாயிகள் விதைத்தார்கள். 'ரேடியோ அரிசி' என்றே அதற்குப் பெயர் வந்தது. உங்கள் வீட்டுத் தாத்தாவிடம் கேட்டால் இன்னும் நினைவிருக்கலாம். விளைச்சல் கூடியது. பாரம்பரிய ரகங்கள் பல வயலைவிட்டே காணாமல் போயின. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்தவர் 'நெல்' ஜெயராமன். 174 பாரம்பரிய ரகங்களை மீட்டார். 2018 டிசம்பர் 6-ம் தேதி இறந்தார். ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் விதைக்கு விலை கிடையாது. 2 கிலோ வாங்கினால், விளைந்ததும் 4 கிலோ திருப்பித் தர வேண்டும். பொருளாதார மாணவர்களுக்கு இந்த ஒரு வரியே ஒரு வாரப் பாடம்.

அடுத்து வயல் வரப்பு. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் இறங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி தொழில் ஆபத்து. கடிபட்டவர் முதலில் யாரிடம் போகிறார், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறது, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது? உயிர் போகிற விஷயம் இது. அந்த மருந்துக்குத் தேவையான விஷத்தைச் சேகரிப்பதில் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த இருளர் சமூகத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே சதுப்புக்காட்டில் பெருகிப்போன பர்மா மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க முடியாமல் அதிகாரிகள் திணறிக்கொண்டிருந்தார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் அந்த முயற்சியில் சேர்ந்திருந்தது. இருவரும் போன முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வெளிநாட்டுப் படிப்பு என்றால் அவர்கள் வருவது, நாம் காட்டுவது என்று மட்டும்தான் இருக்க வேண்டுமா? நாமும் போய்ச் சொல்லிக்கொடுக்கலாம், பெயரோடு.

கலையையும் இயற்கையையும் இங்கே தனித்தனி வகுப்பாக்கவே முடியாது. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகுச் சிலையின் மேல் பூசும் அச்சு மண், காவிரி வண்டல். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் ஆச்சா மரம். அதன் வாயில் பொருத்தும் சீவாளி, காவிரிக் கரையில் வளரும் கொறுக்கை நாணல். ஆற்றில் மணல் போனால், கரை சிமென்ட் ஆனால், முதலில் சங்கீதத்துக்கு மூச்சு முட்டும். கச்சேரியில் முன்வரிசையில் உட்காரும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை. கடைமடையில் கோடியக்கரை இருக்கிறது. 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம். குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் இடம். மூலிகைகளுக்கும் பேர்போன காடு. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். கடல் தண்ணீர் ஏறிய வயலில் எதை நடுவது, உப்பு கரிக்கும் தண்ணீரைக் குடித்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் வேதாரண்யத்து மக்களுக்குத் தினசரிக் கேள்வி.

யார் ஊசி போடுவது?

இப்படி ஒரு வகுப்பு வந்தால் முதலில் எழுதி ஒட்ட வேண்டிய விதி ஒன்று உண்டு. பயிற்சி முடிக்காத மாணவர் நோயாளியைத் தொடக் கூடாது. தன் நாட்டில் ரத்த அழுத்தம் பார்க்கக்கூட அனுமதி இல்லாதவர், ஏழை நாட்டுக் கிராமத்தில் ஊசி போட்டுப் பழகிய கதைகள் உலகம் முழுக்க உண்டு. இதற்காகவே 2010-ல் 'வெயிட்' என்ற பெயரில் நெறிமுறைகள் வெளியாயின. வெளிநாட்டுச் சுகாதாரப் பயிற்சியில் வரவேற்கும் ஊருக்கும் பலன் இருக்க வேண்டும், வரவேற்பவர்களுக்கு ஆகும் செலவை ஈடுகட்ட வேண்டும், மாணவர் தன் தகுதிக்கு மீறிய வேலையைச் செய்யக் கூடாது என்பவை அதன் சாரம்.

செலவு என்றால் சாப்பாட்டுக் காசு மட்டுமல்ல. ஒரு கிராம சுகாதார செவிலியர் மாணவர்களோடு அரை நாள் சுற்றினால், அவருடைய வேலை அரை நாள் நிற்கிறது. சீவாளி செய்கிறவர் செய்துகாட்ட உட்கார்ந்தால் அன்றைய வருமானம் போகிறது. கல்லூரியில் ஒரு மணி நேரம் பேச வரும் பேராசிரியருக்குக் கவுரவ ஊதியம் உண்டு. நாற்று நடும் அக்காவுக்கு ஒரு டீயும் நன்றியும் போதும் என்று யார் முடிவு செய்தது? அவரையும் விரிவுரையாளர் என்று பட்டியலில் எழுதி, அதே தொகையைக் கொடுத்தால் போதும். ஆய்வு முடிந்ததும் அறிக்கை ஆங்கிலத்தில் விமானமேறுவதற்கு முன், தமிழில் ஊர்க் கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் ஹாலேவுக்குப் போன கடிதங்களின் கதைதான் மறுபடியும்.

உள்ளூர் மாணவர் இடத்தை யார் நிரப்புவது என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். டெல்டாவில் பிளஸ் டூ முடித்த பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் கிளம்புவது புதிதல்ல. விவசாயத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வீட்டிலேயே பதில் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு பிள்ளை, தன் ஊர் வாய்க்காலைப் பற்றி 15 வாரம் ஆய்வு செய்து, கையில் சான்றிதழும் உதவித்தொகையும் வாங்கினால், அது வேலைக்கு விண்ணப்பிக்கும் தாளில் எழுதக்கூடிய ஒன்று. தஞ்சையில் 1981 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே சித்த மருத்துவத்துக்கும் ஓலைச்சுவடிக்கும் தனித்தனித் துறைகள். அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நூறாண்டு கண்டுவிட்டது. சரஸ்வதி மகால் 1918 முதல் பொதுமக்கள் நூலகம். கட்டடத்துக்குப் பஞ்சமில்லை. பெஞ்சில் யார் யார் உட்காருவது என்பதை முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எந்த மாதத்தில் தொடங்குவது? மேட்டூர் திறக்கும் ஜூன் 12 பொருத்தமான நாள். ஆனால் அந்தத் தேதி சில ஆண்டுகளில் தள்ளிப்போகும், அமெரிக்கக் கல்லூரிக் காலண்டரோ தள்ளிப்போகாது. ஜனவரி நல்லது என்று தோன்றுகிறது. சம்பா அறுவடையும் பொங்கலும் வரவேற்கும். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும். கோடியக்கரையில் பறவைகள் இன்னும் இருக்கும். மே மாதம் மெலட்டூர் பாகவத மேளத்தோடு முடித்துக்கொள்ளலாம். கிளம்பும் முன் ஒவ்வொரு டீமும் 2 கிலோ விதைநெல் வாங்கட்டும். அடுத்த அறுவடையில் 4 கிலோ திருப்பிக் கொடுக்கும்போது அமெரிக்க மாணவர் இத்தாகாவில் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார். அதனால் விதை வாங்கும் நோட்டில் முதல் பெயராக உள்ளூர் மாணவரின் பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கும்.